திரும்பி வராதவர்களின் சில்லறை

1915ஆம் ஆண்டு பொறித்த இருபது கோபெக் வெள்ளி நாணயம் பெரும்பாலும் புத்தம் புதிதாகவே கைக்கு வருகிறது. இரட்டைத் தலைக் கழுகின் இறகுகளைத் தனித்தனியாக எண்ணலாம். மறுபுறத்து ஓக், லாரல் இலை வளையத்தில் நரம்புகள்கூடத் தேய்ந்திருக்காது. அதே இருபது கோபெக்கில் 1870களைச் சேர்ந்த ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் கழுகு நிழலாகத்தான் தெரியும். காலம் கூடினால் தேய்வும் கூடும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் 1905, 1907 என்று ஆண்டு தாங்கியவையும் நன்றாகப் புழங்கித் தேய்ந்தே கிடைக்கின்றன. பத்து வருட இடைவெளியில் ஒரே அரசின், ஒரே எடையுள்ள, ஒரே கலவையில் ஆன நாணயத்துக்கு எப்படி இவ்வளவு வேறான வாழ்க்கை அமைந்தது? இந்தக் கேள்விதான் ருஷ்யச் சிறுவெள்ளியின் பக்கம் என்னை இழுத்தது. விடைக்குப் பிறகு வருகிறேன். முதலில் நாணயங்களைப் பார்ப்போம்.

சேகரிப்பவர்கள் சிறுவெள்ளி என்று சொல்வது ஐந்து, பத்து, பதினைந்து, இருபது கோபெக் நாணயங்களை. 1867இலிருந்து 1917 வரை ஐம்பது ஆண்டுகள் இவற்றின் எடை மாறவேயில்லை. இருபது கோபெக் 3.6 கிராம், பதினைந்து 2.7, பத்து 1.8, ஐந்து 0.9. ஐந்து கோபெக்கின் விட்டம் 15 மில்லிமீட்டர்தான். அந்தச் சின்னப் பரப்புக்குள் மூன்று கிரீடங்கள், இரண்டு அலகுகள், செங்கோல், உருண்டை, இறக்கைகளில் மாகாணக் கேடயங்கள், மார்புக் கேடயத்துக்குள் குதிரைமேல் இருந்து பாம்பைக் குத்தும் புனித ஜார்ஜ் எல்லாம் அடங்கியாக வேண்டும். உருப்பெருக்கியை வைத்தால் குதிரையின் முன்னங்கால் தெரியும். அச்சு செதுக்கியவரின் பொறுமையை நினைத்துக்கொண்டு நான் வெகுநேரம் உட்கார்ந்திருக்கும் இடம் அதுதான்.

பதினைந்து கோபெக் என்ற மதிப்பே வெளியாருக்கு விநோதமாகப் படும். மூன்று கோபெக் சேர்ந்தால் ஓர் அல்தீன் என்பது பழைய ருஷ்யக் கணக்கு. இரண்டாம் கேத்தரின் 1764இல் பதினைந்தையும் இருபதையும் வெள்ளியில் பொறிக்கத் தொடங்கினார். பேரரசு முடியும்வரை ஜனங்கள் பதினைந்தை ‘ஐந்து அல்தீன்’ என்றே சொல்லிவந்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் பத்துக் கோபெக் நாணயங்கள் சிலவற்றில் மதிப்பை எழுத்தில் பொறித்ததோடு பத்துப் புள்ளிகளும் வைத்திருக்கிறார்கள். படிக்கத் தெரியாதவர் விரலால் எண்ணிக்கொள்ளலாம். அரசு தன் ஏழைக் குடியை நினைத்துப் பார்த்த அபூர்வமான இடங்களில் ஒன்றாக அந்தப் புள்ளிகள் எனக்குத் தோன்றும்.

அபூர்வம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். 1810இலிருந்து பேரரசின் கடைசிவரை ஒரு வெள்ளி ரூபிளில் தூய வெள்ளி 18 கிராம். நடுவில் கலவை மாறியது, மொத்த எடை மாறியது. 18 கிராம் மட்டும் மாறவில்லை. ஆரம்பத்தில் சில்லறையும் இதே நேர்மையோடு இருந்தது. இருபது கோபெக்கில் ரூபிளின் ஐந்தில் ஒரு பங்கு, 3.6 கிராம் தூய வெள்ளி. 1853 முதல் 1856 வரை நடந்த கிரீமியப் போர் கஜானாவைக் காலி செய்தது. வெள்ளி எல்லை தாண்டி ஓடியது. 1860இல் சில்லறை நாணயங்களின் வெள்ளியை நூற்றுக்கு எழுபத்தைந்து பங்காகக் குறைத்தார்கள். 1867இல் ஐம்பதாக்கினார்கள். அதன் பிறகு இருபது கோபெக்கின் மொத்த எடையே 3.6 கிராம், அதில் பாதி செம்பு. ஐந்து இருபது கோபெக் நாணயங்களைத் தராசில் வைத்தால் 18 கிராம் காட்டும். ரூபிளில் இருந்த வெள்ளியின் எடை அப்படியே இருக்கும், வெள்ளி மட்டும் பாதியாகியிருக்கும்.

இருபத்தைந்து கோபெக்கும் ஐம்பது கோபெக்கும் இந்தக் குறைப்புக்கு ஆளாகவில்லை. உயர்ந்த வெள்ளிக்கும் தாழ்ந்த வெள்ளிக்கும் இடையே கோடு இருபதுக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில் விழுந்தது. யாருடைய மடியில் எந்த நாணயம் இருந்திருக்கும் என்பதை நினைத்தால் அந்தக் கோடு எங்கே விழுந்தது என்பது புரியும். 1890களின் நாணயச் சீர்திருத்தத்துக்குப் பிறகு சட்டமும் இதை வெளிப்படையாகவே சொன்னது: தனியாருக்கிடையிலான கொடுக்கல் வாங்கலில் இந்தச் சிறுவெள்ளியை மூன்று ரூபிளுக்கு மேல் ஏற்கவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. கூலிக்காரரின் ஒரு மாதச் சேமிப்பு மூன்று ரூபிளைத் தாண்டினால், அது சட்டப்படி முழுப் பணம் ஆகாத பணம்.

புதிதாக இருக்கும்போது இந்தச் செம்பு கண்ணுக்குத் தெரியாது. பொறிப்பதற்கு முன் வில்லைகளை அமிலத்தில் போட்டு மேற்பரப்புச் செம்பை நீக்கிவிடுவார்கள். மேலே மெல்லிய வெண்தோல் நிற்கும். வருடக்கணக்கில் புழங்கும்போது தோல் தேய்ந்து, கழுகின் மார்பிலும் கிரீடத்தின் மேட்டிலும் இளமஞ்சளும் சிவப்பும் கலந்த நிறம் எட்டிப்பார்க்கும். சில விற்பனையாளர்கள் இதை அழுக்கென்று எண்ணித் தேய்த்து வெளுக்கிறார்கள். அப்படி வெளுத்த நாணயத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அந்தச் சிவப்பு, நாணயம் தன் கலவையை ஒப்புக்கொள்ளும் இடம்.

ருஷ்யாவில் சில்லறைக்கும் வெள்ளிக்குமான இந்தப் பிணக்கு பேரரசைவிடப் பழையது. 1535இல் இளவரசி எலேனா கிளின்ஸ்கயா ஆட்சிப் பொறுப்பில் இருந்தபோது கோபெக்குக்கு ஒழுங்கான வடிவம் வந்தது. வெள்ளிக் கம்பியைத் துண்டு போட்டு, தட்டி, இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து ஒரே அடி. ஒருபுறம் ஈட்டி ஏந்திய குதிரைவீரன், மறுபுறம் ஜாரின் பெயர். கம்பித் துண்டு அச்சைவிடச் சிறியது என்பதால் எதிலும் முழு உருவம் விழுவதில்லை: ஒன்றில் குதிரையின் தலை இருக்கும், இன்னொன்றில் வீரனின் தொப்பி. கையில் கொட்டினால் மீன் செதிலைக் கொட்டியதுபோல இருக்கும். ருஷ்யச் சேகரிப்பாளர்களும் இவற்றைச் செதில் என்றே அழைக்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் ஹோல்ஸ்டைன் தூதுக்குழுவோடு மாஸ்கோ போன ஆதாம் ஒலியாரியஸ், கடைத்தெருவில் ருஷ்யர்கள் நாற்பது ஐம்பது கோபெக்கை வாய்க்குள் அடக்கிக்கொண்டே தங்குதடையின்றிப் பேரம் பேசுவதைக் கண்டு எழுதியிருக்கிறார். தொலைந்துபோகாத ஒரே பை வாய்தான் போலும்.

அந்தச் செதில் ஒவ்வொரு ஆட்சியிலும் மெலிந்தது. 0.68 கிராமில் தொடங்கியது, பீட்டர் காலத்தில் 0.28 கிராமுக்கு வந்துவிட்டது. இடையில் ஜார் அலெக்சேய் போலந்துடனான போர்ச்செலவுக்காக அதே அளவில் செம்புக் கோபெக்குகளைப் பொறித்து, வெள்ளிக்குச் சமம் என்று அறிவித்தார். சம்பளம் செம்பில் கொடுக்கப்பட்டது, வரி வெள்ளியில் வாங்கப்பட்டது. 1662 ஜூலையில் மாஸ்கோ ஜனங்கள் கொலோமென்ஸ்கொயே அரண்மனைக்கே கிளம்பிப் போனார்கள். படை அவர்களை வெட்டிச் சாய்த்தது. அடுத்த ஆண்டு செம்புக் கோபெக் ரத்தானது. சில்லறை விஷயத்தில் ஏமாற்றப்பட்டால் ஜனங்கள் அரண்மனை வாசல் வரை வருவார்கள் என்று ஜார்கள் அன்று தெரிந்துகொண்டிருக்க வேண்டும். இருநூறு ஆண்டு கழித்து வெள்ளியைப் பாதியாக்கியபோது அதை ஏழு ஆண்டு இடைவெளியில், இரண்டு படிகளாக, சத்தமில்லாமல் செய்தார்கள்.

நம்மில் பலருக்குக் கோபெக் என்ற பெயர் முதலில் நாணயமாக வரவில்லை. முன்னேற்றப் பதிப்பகம் அச்சிட்டு, நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தில் மலிவாகக் கிடைத்த கெட்டி அட்டைப் புத்தகங்களின் வழியாக வந்தது. கோகலின் ‘மேல்கோட்டு’ கதையில் அகாக்கி அகாக்கியெவிச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபிளுக்கும் ஓர் அரைக் கோபெக்கை எடுத்து, மூடியில் துளையிட்ட பூட்டிய பெட்டியில் போட்டு வருகிறான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சேர்ந்த செம்பை எண்ணி, அதைச் சிறுவெள்ளியாக மாற்றி வைக்கிறான். இப்படிப் பல வருடத்தில் சேர்ந்தது நாற்பது ரூபிள் சொச்சம், அதாவது மேல்கோட்டின் பாதி விலை. சிறுவயதில் இதைக் கதையின் ஒரு விவரமாகக் கடந்துபோயிருந்தேன். நாணயங்கள் கைக்கு வந்த பிறகு அந்த இரண்டு வாக்கியம் எனக்கு வேறாகிவிட்டது. செம்பைக் கொடுத்து வெள்ளி வாங்குவது அகாக்கிக்குச் சேமிப்பின் சடங்கு. வெள்ளியாக மாறிய பிறகுதான் அது அவன் கண்ணில் சொத்து. கதை வந்த 1842இல் சிறுவெள்ளி முழு நேர்மையோடு இருந்தது. கால் நூற்றாண்டு தாண்டி அதே சடங்கைச் செய்த இன்னொரு எழுத்தருக்குப் பாதி வெள்ளிதான் கிடைத்திருக்கும்; பெட்டியின் கனத்தில் அவனுக்கு வித்தியாசம் தெரிந்திருக்குமா?

‘குற்றமும் தண்டனையும்’ நாவலில் பாலத்தின்மேல் வண்டிக்காரனிடம் சாட்டையடி படும் ரஸ்கோல்னிகோவைப் பிச்சைக்காரன் என்று நினைத்து ஒரு வியாபாரியின் மனைவி இருபது கோபெக் கொடுக்கிறாள். அவன் அதை நேவா ஆற்றில் எறிந்துவிடுகிறான். நாவலின் காலம் 1860களின் நடு. ஆகவே ஆற்றில் விழுந்தது முக்கால் வெள்ளியும் கால் செம்பும் கலந்த நாணயம் என்று நான் கணக்குப் பண்ணுவேன். 1861இல் உள்நாட்டு நாணயச்சாலையால் சமாளிக்க முடியாமல் பாரிசிலும் ஸ்திராஸ்பூர்கிலும் ருஷ்யச் சில்லறையைப் பொறிக்கக் கொடுத்தார்கள். அவற்றில் நாணயச்சாலை அதிகாரியின் பெயர் எழுத்துகள் இருக்காது. ஆற்றில் போனது பிரான்சில் பொறித்த ஒன்றாகவும் இருந்திருக்கலாம்.

இனி அந்தப் பளபளப்பு. 1914 கோடையில் போர் தொடங்கியதும் காகிதப் பணத்தைத் தங்கமாக மாற்றித் தருவதை அரசு நிறுத்தியது. முதலில் தங்கம் மறைந்தது. பிறகு வெள்ளி ரூபிள். 1915இல் பாதிச் செம்பு கலந்த சிறுவெள்ளியும் கடைகளிலிருந்து காணாமல் போகத் தொடங்கியது. நாணயச்சாலை கோடிக்கணக்கில் பொறித்துத் தள்ளியது. பொறித்தது அத்தனையும் ஒரு கை மாறி, இரண்டு கை மாறி, ஜாடிக்குள்ளும் அடுப்புக்கடியிலும் தோட்டத்து மண்ணுக்குள்ளும் போய்விட்டது. ஆக 1915 நாணயம் தேயாமல் இருப்பதற்குக் காரணம் பயம். தேய்ந்த 1870களின் நாணயம் ரொட்டிக் கடைக்கும் சாராயக் கடைக்கும் தேவாலய உண்டியலுக்கும் நாற்பது வருடம் அலைந்தது. பளபளக்கும் 1915 நாணயத்துக்குப் பெரும்பாலும் இரண்டே பயணம்: நாணயச்சாலையிலிருந்து ஒரு வீட்டுக்கு, வீட்டிலிருந்து மண்ணுக்கு. நாணய வணிகர்கள் ‘புழங்காதது’ என்று பெருமையாகக் குறித்து விலை ஏற்றும் அந்தத் தரத்தின் பின்னால் நடுங்கும் விரல்கள் இருக்கின்றன.

சில்லறைக்குப் பதிலாக அரசு அப்போது கண்டுபிடித்தது அஞ்சல் தலையை. ரொமானோவ் வம்சத்தின் முந்நூறாவது ஆண்டுக்காக 1913இல் வெளியான தலைகளின் அச்சுகளைக் கொண்டே கெட்டி அட்டையில் பத்து, பதினைந்து, இருபது கோபெக் ‘பணம்’ அடித்தார்கள். பத்தில் இரண்டாம் நிக்கலாய், பதினைந்தில் முதலாம் நிக்கலாய், இருபதில் முதலாம் அலெக்சாந்தர். பின்புறத்தில், இது சிறுவெள்ளி நாணயத்துக்குச் சமமாகச் செல்லும் என்ற வாசகம். ஓரத்தில் அஞ்சல் தலைக்குரிய பல் வரிசையும் அப்படியே. என் கோப்பில் ஓர் இருபது கோபெக் நாணயத்தையும் இருபது கோபெக் தலையையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறேன். ஒன்றைப் புதைத்துவிட்டு மற்றதில் மாவு வாங்கினார்கள். அட்டைத் தலையின் மூலைகள் நைந்து கிடக்கின்றன. வெள்ளி நாணயத்தில் கீறல் இல்லை.

இதே போர் இந்தியாவிலும் வெள்ளியை விழுங்கியது. 1917இல் ஒரு ரூபாய் நோட்டு வந்ததும், அடுத்த ஆண்டு வெள்ளி இரண்டணா நிக்கல் கலவைக்கு மாறியதும் அதனால்தான்.

1916இல் ருஷ்ய நாணயச்சாலைக்குத் துணையாக ஜப்பானின் ஒசாகா வந்தது. பத்தே வருடத்துக்கு முன் சுஷிமாவில் ருஷ்யக் கப்பற்படையை மூழ்கடித்த நாடு அது. ஒசாகா நாணயச்சாலை 7 கோடி பத்துக் கோபெக்குகளையும் 9.6 கோடிக்கும் மேல் பதினைந்து கோபெக்குகளையும் பொறித்துக் கொடுத்தது. பெத்ரோகிராதில் பொறித்தவற்றில் கழுகின் கீழே அதிகாரி விக்தர் ஸ்மிர்னோவின் பெயரைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள் இருக்கும். ஒசாகாவில் பொறித்தவற்றில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். பீட்டர்ஸ்பர்க் என்ற நகரப் பெயரைக் குறித்த எழுத்துகளோ, நகரின் பெயர் பெத்ரோகிராத் என்று மாறிய அடுத்த ஆண்டே மறைந்துவிட்டன. கடல் தாண்டி வந்த அந்தக் கோடிகளும் பதுக்கலை நிறுத்தவில்லை. அதனால் இன்றைக்கு உலகெங்கும் மலிவாக, அழகாகக் கிடைக்கும் ஜார் கால வெள்ளியாக அவை ஆகிவிட்டன. புதிதாகச் சேகரிக்க வருபவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது அவற்றைத்தான். மலிவு என்பதற்காக மட்டும் அல்ல. எழுத்து இல்லாத அந்த வெற்றிடத்தில் ஒரு பேரரசின் இயலாமையை உருப்பெருக்கி இல்லாமலே பார்க்கலாம்.

பதுக்கியவர்களில் பலர் திரும்பி வந்து எடுத்தார்கள். 1921இல் வோல்கா கரையில் பஞ்சம் வந்தபோது எடுத்தார்கள். 1931 முதல் 1936 வரை சோவியத் அரசு நடத்திய தோர்க்சின் கடைகளில் பொன்னையும், பிற்பாடு வெள்ளியையும் வாங்கிக்கொண்டு மாவும் ரொட்டியும் சர்க்கரையும் கொடுத்தார்கள். ஜார் கால நாணயங்கள் கிலோக் கணக்கில் அங்கே வந்து விழுந்தன. அவை உருகிப்போயின. வோல்காக் கரையின் சுவாஷ் பெண்கள் அணியும் துஹ்யா என்னும் குல்லாயிலும் மார்பணிகளிலும் வரிசை வரிசையாக வெள்ளி நாணயங்களைத் துளைத்துத் தைத்திருப்பார்கள். தாயிடமிருந்து மகளுக்குப் போகும் சொத்து. பஞ்சத்தில் அந்த நாணயங்களும் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டன. இன்று துளையிட்ட பத்துக் கோபெக்கைச் சந்தையில் யாரும் சீந்துவதில்லை. ஈயம் வைத்துத் துளையை அடைத்து விற்கவும் பார்க்கிறார்கள். நான் துளையோடு கிடைத்தால் வாங்கிவிடுவேன். நூல் உராய்ந்து துளையின் மேல்விளிம்பு ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். எத்தனை வருடம் தொங்கியிருந்தால் நூல் வெள்ளியை அறுக்கும்!

ஆக, எடுத்தவர்களின் வெள்ளி ரொட்டியாகிவிட்டது. நம்மை வந்து சேர்வதில் பெரும் பகுதி எடுக்கப்படாத வெள்ளி. குடும்பத்தில் பேணியவையும் பெட்டியோடு வெளிநாடு போனவையும் உண்டுதான். ஆனால் பழைய வீட்டை இடிக்கும்போதும் நிலத்தை உழும்போதும் ஜாடி ஜாடியாக வெளிவருபவற்றுக்கு ஒரே பொருள்: இடம் தெரிந்தவர் வரவில்லை. உள்நாட்டுப் போரில் செத்திருக்கலாம், டைஃபஸில் போயிருக்கலாம், நாடு கடந்திருக்கலாம், கைதாகியிருக்கலாம். சேகரிப்பு என்பதை இன்பமான பொழுதுபோக்கு என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. எனக்கும் அது இன்பம்தான். இருந்தாலும் இந்த நாணயங்களைப் பொறுத்தவரை சேகரிப்பவர் பதுக்கியவரின் வாரிசு, அதுவும் அழைக்கப்படாத வாரிசு என்பதை மறக்கக்கூடாது என்று நினைக்கிறேன்.

அதனால்தான் புதையல்கள் சிதறுவது என்னை வருத்துகிறது. ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய நாணயவியலாளர் இவான் ஸ்பாஸ்கி போன்றவர்கள் கம்பிக் கோபெக்குகளின் வரலாற்றைக் கட்டியெழுப்பியதற்கு முழுப் புதையல்கள் முக்கிய ஆதாரம். ஒரு ஜாடியின் கடைசி நாணயம் எந்த ஆண்டு என்று தெரிந்தால் அது எப்போது மூடப்பட்டது என்று தெரியும். எது எத்தனை இருந்தது என்று எண்ணினால் அந்த வீட்டின் வருமானமும் பயமும் தெரியும். இன்று உலோகம் காட்டும் கருவியோடு போகிறவர் ஜாடியை எடுத்த மாலையே தரம் பிரித்துவிடுகிறார். நல்லது ஒரு நாட்டுக்கு, தேய்ந்தது இன்னொரு நாட்டுக்கு. எங்கே கிடைத்தது என்று கேட்டால் விற்பனையாளர் சிரிக்கிறார். கேட்பதை நான் விடவில்லை. கிடைத்த பதிலை, அது ஒரு மாவட்டத்தின் பெயராக இருந்தாலும், உறைமேல் பென்சிலால் எழுதி வைக்கிறேன்.

ருஷ்ய நாணயங்களைத் தொகுத்தவர்களில் பெரியவர் முதலாம் நிக்கலாயின் பேரன், கோமகன் கியோர்கி மிகைலோவிச். 18, 19ஆம் நூற்றாண்டு நாணயங்கள்பற்றி ஆவணங்களோடு அவர் பதிப்பித்த பெருந்தொகுதிகளைத் தாண்டி இன்றும் யாரும் இந்தத் துறையில் நடக்க முடியாது. 1919 ஜனவரியில் பெத்ரோகிராதின் பீட்டர்-பால் கோட்டையில் அவரையும் உறவினர் மூவரையும் சுட்டுக்கொன்றார்கள். அவர் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த நாணயங்களைப் பொறித்த நாணயச்சாலை அதே கோட்டைச் சுவருக்குள்தான் இருக்கிறது. வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவரது சேகரிப்பின் பெரும் பகுதி இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருக்கிறது.

அவரைச் சுட்ட அரசு, சில்லறைக்கு வந்தபோது ஜாரின் கணக்கையே எடுத்துக்கொண்டது. 1921 என்று ஆண்டு பொறித்த முதல் சோவியத் வெள்ளியில் கழுகு போய் அரிவாளும் சுத்தியலும் வந்தன. ஆனால் இருபது கோபெக் 3.6 கிராம், பதினைந்து 2.7, பத்து 1.8; பாதி வெள்ளி, பாதி செம்பு. 1930இல் ஜனங்கள் மறுபடியும் அதையே செய்தார்கள்: காகிதத்தை நம்பாமல் சிறுவெள்ளியைப் பதுக்கினார்கள். சில்லறை கிடைக்காமல் நகரங்கள் திணறின. வீடுகளில் சோதனை நடந்தது, பதுக்கியவர்கள் கைதானார்கள். அந்தக் கோடையில் தன் நெருங்கிய கூட்டாளி மொலதோவுக்கு எழுதிய கடிதத்தில் ஸ்டாலின் இந்தத் தட்டுப்பாட்டை நாசவேலை என்கிறார். சிலரைச் சுட வேண்டும் என்கிறார். அடுத்த ஆண்டு பத்தும் பதினைந்தும் இருபதும் செம்பும் நிக்கலும் கலந்த நாணயங்களாயின. 1931 என்று ஆண்டிட்டு ஏற்கெனவே பொறித்திருந்த வெள்ளி நாணயங்கள் உருக்கப்பட்டன. தப்பிய மிகச் சிலவற்றுக்கு ஏலங்களில் பெரிய போட்டி நடக்கிறது. யார் கையும் படாமல், யாரும் புதைக்காமல், யாரும் தேடாமல் நின்றுபோன அவற்றை நான் தேடவில்லை. என் வரிசை 1930இல் முடிகிறது.